குன்றின்மேல் இருப்பது கோட்டையா, அரண்மனையா? காஃப்காவின் புதினமும் பிராக் நகரின் மலையும்

ஆய்வுச் சுருக்கம்

பிரான்ஸ் காஃப்காவின் முற்றுப்பெறாத புதினமான ‘தாஸ் ஷ்லாஸ்’ (1926) ஆங்கிலத் தலைப்பின் வழியே தமிழில் ‘கோட்டை’ எனச் சுட்டப்படும் வழக்கு உண்டு. பிராக் நகருக்கு மேலே நிற்கும் மலைக்கோட்டையே இப்புதினத்தின் மூலவுரு என்னும் கருத்தும் அவ்வழக்கோடு இணைந்தே பரவியுள்ளது. இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என இக்கட்டுரை வாதிடுகிறது. பிராக் மலையின்மேல் உள்ளவற்றைப் புதினத்தின் காட்சிகளோடு ஒப்பிட்டு, ‘ஷ்லாஸ்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் நெருக்கமானது மதிலைக் குறிக்கும் ‘கோட்டை’ அன்று, சமீன் வழக்கில் பயின்ற ‘அரண்மனை’யே என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காஃப்கா, பிராக், கோட்டை, அரண்மனை, உழிஞை, மொழிபெயர்ப்பு

மேலே செல்லும் பயணியும் செல்லாத கே.யும்

பிராக் நகரின் சார்லஸ் பாலத்தில் நிற்கும் பயணி வடமேற்கே நிமிர்ந்து நோக்குகிறார். வல்தாவா ஆற்றின் அக்கரையில், ஹ்ராட்சானி மேட்டின் நெடுகிலும் ஒரே உயரத்தில் நீளும் கட்டட வரிசையும், அதன் பின்னிருந்து எழும் புனித விட்டஸ் பேராலயத்தின் கோபுரங்களும் தெரிகின்றன. பாலத்தைக் கடந்து சிறுநகர்ப் பகுதிக்குள் புகுந்து, நெருதா தெருவின் ஏற்றத்தில் மூச்சிரைக்க நடந்தால், சிறிது நேரத்தில் முகப்பு வாயிலை அடைந்துவிடலாம். அனுமதிச் சீட்டு வாங்கி, முற்றங்களைக் கடந்து, பேராலயத்தையும் பழைய அரசமாளிகையையும் கண்டு, கைப்பிடிச் சுவரோரம் நின்று செந்நிற ஓட்டுக்கூரைகளைப் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். அரை நாள் போதும். மேலே செல்பவரை எவரும் தடுப்பதில்லை.

புதினத்தின் நாயகனான கே., கதை நிகழும் சில நாள்களில் மேலே செல்வதே இல்லை. வந்த மறுநாள் காலையில் ஒருமுறை நடந்து பார்க்கிறான். ஊரின் முதன்மைத் தெரு குன்றை நோக்கிச் செல்வதுபோல் சென்று, அருகில் வந்ததும் வேண்டுமென்றே விலகுவதுபோல் திரும்பிவிடுகிறது. அது குன்றைவிட்டு அகல்வதும் இல்லை, அதனை நெருங்குவதும் இல்லை. இரண்டாம் முறை, தூதுவனான பர்னபாசின் கையைப் பற்றிக்கொண்டு இருளிலும் பனியிலும் நடக்கிறான். மேலேதான் அழைத்துச் செல்கிறான் என்று நம்பி நடந்தவன், வந்து சேர்வது பர்னபாசின் குடும்பம் வாழும் எளிய வீட்டில். அத்தோடு நடைமுயற்சி முடிந்துபோகிறது. எஞ்சியவை கடிதங்கள், தொலைபேசி, விடுதிக் கூடங்களில் காத்திருத்தல், ஊர்த்தலைவரோடும் செயலர்களோடும் முடிவற்ற உரையாடல்.

இவ்விரு வருகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ‘காஃப்காவின் கோட்டை இதுவே’ என்று வழிகாட்டிகள் கூறும் தொடர் எதனை விளக்குகிறது என்ற ஐயம் எழும். தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அம்மலையின் நிழலில் கழித்த எழுத்தாளர் அதனை அஞ்சி அண்ணாந்து பார்த்தார், அந்த அச்சமே புதினமாயிற்று என்பதே அத்தொடரின் உட்பொருள். இவ்விளக்கம் கவர்ச்சியானது; ஆயினும் மலையின்மேல் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைக் கருத்திற் கொள்ளாதது. (இக்கட்டுரையாளர் பிராக் நகருக்குச் சென்றதில்லை, வரைபடங்கள், வரலாற்று நூல்கள், ஒளிப்படங்கள் வழியே மட்டும் அறிந்தவர். அவ்வகையில் கே.யின் நிலையே இங்கும்.)

மூலவுருவைத் தேடுவோருக்குப் பிராக் ஒன்றே இடமும் அன்று. காஃப்கா 1911-இல் அலுவல் நிமித்தம் சென்று கண்ட ஃப்ரீட்லாந்து மாளிகையையும், அவருடைய தந்தை பிறந்த ஓசெக் என்னும் சிற்றூரின் மாளிகையையும் சுட்டுவோர் உளர். நாவலின் பனி, 1922 சனவரி இறுதியில் காஃப்கா உடல்நலம் தேடிச் சென்ற ஸ்பிண்டல்மியூல என்னும் மலையூரின் பனி என்பாரும் உளர். இவற்றுள் எது சரி என்பது இக்கட்டுரையின் வினா அன்று. மிகுதியும் வழங்கும் பிராக் மூலவுருக் கொள்கையை எடுத்துக்கொண்டு, அக்கொள்கையின் சான்றுகளே அதன் முடிவுக்கு எதிராகப் பேசுவதைக் காட்டுவதே நோக்கம்.

மலையின்மேல் இருப்பவை

காஃப்கா பிறந்த 1883-இல் அம்மலையில் அரசர் எவரும் வாழவில்லை. 1583-இல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் தம் அவையைப் பிராக்குக்கு மாற்றினார். அவருக்குப் பின் ஆட்சியின் மையம் மீண்டும் வியன்னாவாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் மரியா தெரேசா காலத்தில் கட்டடக்கலைஞர் நிக்கோலோ பக்காசியின் திட்டப்படி பழைய கட்டடங்கள் ஒரே முகப்பின்கீழ்க் கொணரப்பட்டன. இன்று பாலத்திலிருந்து காணும் நீண்ட, சலிப்பூட்டும் அளவுக்குச் சீரான சாளர வரிசை அப்போது உருவானது. பேராலயத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஒரு பேரலுவலகத்தின் முகப்பைப் போன்றே அது தோன்றும். 1848-இல் முடிதுறந்த ஃபெர்டினாண்ட் 1875-இல் இறக்கும்வரை அங்கு வாழ்ந்தார். அதன்பின், 1918-இல் குடியரசுத் தலைவரின் இருக்கையாகும்வரை, தலைவன் உறையாத தலைமையிடமாகவே அது இருந்தது. புதினத்தில் வெஸ்ட்வெஸ்ட் என்னும் கோமகனின் பெயர் தொடக்கத்தில் ஒலித்து, பின் ஏறத்தாழ மறைந்தே போவதை இதனோடு இணைத்து எண்ணலாம். எங்கும் பேசப்படுபவர்கள் அலுவலர்களே.

பழைய அரசமாளிகையில் பயணியர் தவறாது காணும் அறை ஒன்று உண்டு. 1618 மே 23 அன்று பொகீமியாவின் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த பெருமக்கள், பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய எழுத்தர் ஒருவரையும் சாளரத்தின் வழியே வெளியே எறிந்த இடம் அது. முப்பதாண்டுப் போருக்கு வித்திட்ட நிகழ்ச்சி என்று பாடநூல்கள் கூறும். மூவரும் உயிர் பிழைத்தனர். நம் நோக்கில் கருதத்தக்கது, அது அரியணை மண்டபம் அன்று, அலுவலகம் என்பதே. ஆட்சியை எதிர்த்தவர்கள் மன்னனைத் தேடிச் செல்லவில்லை. அவன் அங்கு இல்லை. ஆவணங்கள் இருந்த அறைக்குச் சென்றனர். எழுத்தரையும் சேர்த்தே எறிந்தனர்.

இன்னும் வலுவான சான்று கோட்டையின் வடமதிலை ஒட்டிய தங்கச் சந்து. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் காவலர்களுக்கெனக் கட்டப்பட்ட, குனிந்து நுழையவேண்டிய சின்னஞ்சிறு வீடுகளின் வரிசை அது. 22-ஆம் எண் வீட்டை 1916-இல் காஃப்காவின் தங்கை ஓட்லா வாடகைக்கு எடுத்தார். அவ்வாண்டின் குளிர்காலம் தொடங்கி 1917-இன் வசந்தம் வரை, பணி முடிந்த மாலைகளில் காஃப்கா அங்கு ஏறிச் சென்று எழுதினார். ‘நாட்டுப்புற மருத்துவர்’ தொகுப்பின் கதைகள் பலவும் அங்கு உருவானவையே. நள்ளிரவுக்குப் பின் பழைய படிக்கட்டு வழியே நகருக்கு இறங்கினார். தனக்கென ஒரு வீடு இருப்பதையும், அறைக் கதவை அன்றி வீட்டின் கதவையே உலகின்மீது சாத்திக்கொள்ள முடிவதையும், வாசலைத் தாண்டியதும் ஓசையற்ற சந்தின் பனியில் கால் வைப்பதையும் ஃபெலிசுக்கு எழுதிய கடிதத்தில் மகிழ்வோடு குறிப்பிடுகிறார். மலைக்கோட்டையை அண்ணாந்து அஞ்சிய மனிதரின் குரல் அன்று இது. அங்கு ஒண்டுக்குடியிருந்தவரின் குரல்.

இப்போது முதல் இயலுக்குத் திரும்பலாம். காலை வெளிச்சத்தில் குன்றைக் காணும் கே., தொலைவில் தன் எதிர்பார்ப்புக்கு ஏற்றதாகவே அதனை உணர்கிறான். அது பழைய போர்வீரர்களின் அரணும் அன்று, புதிய ஆடம்பர மாளிகையும் அன்று. நெருங்கி நெருங்கி அமைந்த தாழ்ந்த கட்டடங்களின் பரப்பு. இன்னதென முன்னரே அறியாதவன் சிற்றூர் என்றே கருதுவான். அருகே செல்லச் செல்ல ஏமாற்றம் வளர்கிறது. காரை உதிர்ந்த, ஊர்வீடுகளைச் சேர்த்துவைத்த இரங்கத்தக்க ஒரு நகரமே எஞ்சுகிறது. பிராக் மலைக்கும் புதினத்துக்கும் உறவு உண்டெனில், அது கீழிருந்து தெரியும் கோபுர வரிசையில் இல்லை. மேலே சென்றவர் மட்டும் அறியும் சிறுமையில், தங்கச் சந்தின் குள்ளமான வாசல்களில், அது இருக்கக்கூடும். ‘இருக்கக்கூடும்’ என்பதற்குமேல் சொல்ல வாழ்க்கை வரலாற்றுச் சான்று இடந்தராது.

சொல்லின் பொருட்பரப்பு

ஜெர்மன் மொழியில் மதிலும் காவலும் உடைய அரண் ‘புர்க்’ எனப்படும். பெருமக்களின் உறைவிடமும் அவர்தம் ஆட்சியிடமுமான மாளிகை ‘ஷ்லாஸ்’. செக் மொழியில் இவற்றுக்கு நிகரானவை ‘ஹ்ராட்’, ‘ஸாமெக்’. பிராக் நகரின் கோட்டைக்குச் செக் மொழியில் வழங்கும் பெயர் ‘ஹ்ராட்’ என்பதே. காஃப்காவின் புதினமோ செக் மொழியில் ‘ஸாமெக்’ என்றே பெயர்பெற்றது. ஆங்கிலத்தின் ‘காசில்’ இவ்வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. 1930-இல் வில்லா, எட்வின் மியூர் இணையரின் மொழிபெயர்ப்பு வந்தது முதல், புதினத்துக்கும் பிராக் மலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வாய்த்தது. மூலவுருக் கொள்கையின் செல்வாக்கில் ஒரு பகுதி இந்தச் சொல் விபத்தினால் விளைந்ததே எனலாம்.

இவ்வாதத்துக்கு எதிரான சான்றொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். காஃப்கா நள்ளிரவில் இறங்கிய அப்பழைய படிக்கட்டுகள் செக் மொழியில் ‘ஸாமெக்’ என்பதன் அடையாலும், ஜெர்மனில் ‘ஷ்லாஸ்’ என்பதன் அடையாலுமே பெயர் பெற்றுள்ளன. எனவே ‘புர்க்’, ‘ஷ்லாஸ்’ வேறுபாடு பிராக் மக்களின் நாவில் முழுமையாகக் காக்கப்படவில்லை. வரலாற்றுச் சின்னத்துக்கு ஒரு பெயர், அன்றாடம் ஏறி இறங்கும் வழிக்கு மற்றொரு பெயர் என்ற அளவில் கொள்வதே தகும்.

‘ஷ்லாஸ்’ என்பதற்குப் பூட்டு என்றும் ஒரு பொருள் உண்டு. சாத்துதல் என்னும் வினையோடு உறவுடைய சொல் அது. வியப்பு என்னவெனில், ‘ஸாமெக்’ என்னும் செக் சொல்லுக்கும் அதே இரு பொருள்கள் உள்ளன. காஃப்காவின் நகரம் பேசிய இரு மொழிகளிலும் தலைப்பு ஒரே இரட்டுறலைத் தாங்குகிறது. தமிழில் இதனைப் பெற வழியில்லை. இழப்பை இழப்பென ஏற்றுக்கொண்டு மேற்செல்லவேண்டும்.

தமிழில் எச்சொல்?

ஏ. வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேரடியாகத் தந்த காஃப்காவின் மற்றொரு புதினத்துக்கு ‘விசாரணை’ என்று பெயரிட்டார்; ‘வழக்கு’ என்றோ ‘நீதிமன்றம்’ என்றோ இடவில்லை. வழக்காக உருப்பெறாமலேயே ஒருவனை விழுங்கும் நடைமுறையைச் சுட்ட அச்சொல்லே பொருந்தியது. தலைப்பின் மொழிபெயர்ப்பு ஒரு திறனாய்வுச் செயல் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. ‘கோட்டை’ என்னும் தேர்வையும் அவ்வளவைக்கே உட்படுத்தவேண்டும்.

தமிழ் இலக்கிய மரபில் அரண் என்பது முற்றுகையோடு பிறந்த பொருள். தொல்காப்பியம் அரணை வளைத்தலையும் கைக்கொள்ளலையும் உழிஞைத் திணையாக வகுத்தது. புறப்பொருள் வெண்பாமாலை அதனைக் காத்தலை நொச்சி எனத் தனித் திணையாக்கியது. திருக்குறளின் அரண் அதிகாரமும் நீர், வெளி, மலை, காடு எனப் பகைவரைத் தடுப்பனவற்றையே எண்ணுகிறது. ‘கோட்டை’ என்று கேட்ட தமிழ் வாசகர் மதிலையும் வாயிலையும் காவலனையும் எதிர்பார்ப்பது இயல்பு. புதினத்திலோ கே.யை மறிக்கும் மதில் இல்லை. அவன் தட்டி, திறக்கப்படாத கோட்டை வாயிலும் இல்லை. உள்ளே செல்லும் பர்னபாசே, தான் நுழைந்த அலுவலகங்கள் உண்மையிலேயே ஷ்லாஸ்தானா, அல்லது தடுப்புக்கு அப்பால் உள்ளவைதான் ஷ்லாசா என்று அறியாது தவிக்கிறான். கைக்கொள்ள இடமே இல்லாதவிடத்து உழிஞைக்கு வேலை இல்லை.

‘கோயில்’ என்னும் சொல்லை எண்ணிப் பார்த்ததுண்டு. கோ உறையும் இல் என்ற பழம்பொருளில் சிலப்பதிகாரம் அரசனின் உறைவிடத்தை அவ்வாறு சுட்டும். புதினத்தை இறையருளின் உருவகமாகக் கொண்ட மாக்ஸ் பிராடின் விளக்கத்தையும் அரசதிகார விளக்கத்தையும் ஒருங்கே ஏற்கும் சொல் அது. ஆயினும் இக்காலத் தமிழில் அதன் முதற்பொருள் மறைந்துவிட்டது. தலைப்பாக்கினால் பிராடின் கட்சி வாதமின்றியே வென்றுவிடும். மேலும் வழக்குரை காதையில் வாயிற்காவலன் உள்ளே சென்று உரைக்க, மன்னன் கண்ணகியை அழைக்கிறான். தவறு செய்தவன் உள்ளே இருக்கிறான், விடை கூறுகிறான், தன் பிழையுணர்ந்து உயிரும் விடுகிறான். கே.க்கு அவ்வாறு விடை கூறுவோர் எவரும் இல்லை.

எஞ்சுவது ‘அரண்மனை’. திரைப்படங்களும் சிறுவர் கதைகளும் இச்சொல்லுக்குத் தூண்களையும் பட்டுத் திரைகளையும் பூட்டிவிட்டன. அவற்றை விலக்கி, இராமநாதபுரம், சிவகங்கை முதலிய சமீன் பகுதிகளின் வழக்கில் அதனைக் கேட்கவேண்டும். 1802-இன் நிரந்தர நிலவரித் திட்டத்துக்கும் 1948-இன் சமீன் ஒழிப்புச் சட்டத்துக்கும் இடைப்பட்ட காலத்தில், அப்பகுதிகளில் அரண்மனை என்றால் கட்டடம் மட்டுமன்று. நிலத்துக்கு உரிமை கொண்டாடுவதும், வரி தண்டுவதும், கணக்கரையும் காரியஸ்தரையும் அமர்த்துவதும் அரண்மனையே. சமீன்தாரைக் கண்ணால் கண்டிராத குடியானவனும் அரண்மனையின் ஆளை அறிந்திருந்தான். ஷ்லாஸ் என்பதற்கும் புதினத்தின் ஊராருக்கும் உள்ள உறவு இதுவே. நில அளவையாளனாக, ஊர்வழக்கில் சொன்னால் சர்வேயராக, தன்னைக் கூறிக்கொண்டு ஒருவன் வந்து நிற்பதில் உள்ள பதற்றமும் இச்சூழலில்தான் முழுமையாக விளங்கும். எல்லைகள் நடப்பட்டுவிட்டன, சொத்துகள் கைம்மாறுவதில்லை, அளவையாளர் தேவையில்லை என்கிறார் ஊர்த்தலைவர். நிலத்தை அளப்பவன் வேண்டாத ஊர் எத்தகையது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை.

அமாலியாவின் கதை இதற்கு உரைகல். சொர்த்தினி என்னும் அலுவலன் இழிவான சொற்களில் அவளைத் தன்னிடம் வரப் பணித்துக் கடிதம் அனுப்புகிறான். அவள் அதனைக் கிழித்தெறிகிறாள். மேலிருந்து தண்டனை எதுவும் வரவில்லை. ஊரே அக்குடும்பத்தை ஒதுக்குகிறது. செருப்புத் தைக்கக் கொடுத்தவர்கள் திரும்பப் பெற்றுக்கொள்கின்றனர். தந்தையின் தொழில் அழிகிறது. அவர் மன்னிப்புக் கேட்டு அலைகிறார். உம்மீது புகாரே இல்லையே, எதனை மன்னிப்பது என்று கேட்கப்படுகிறது. சாலையோரம், அலுவலர்களின் வண்டி எப்போதாவது கடந்து செல்லும் என்னும் நம்பிக்கையில், குளிரில் அமர்ந்து உடல் முடங்குகிறார். ‘கோட்டை’ என்னும் தலைப்பின்கீழ் இவ்வியல்கள் கிளைக்கதையாகத் தேய்ந்துவிடுகின்றன. மதிலை வெல்ல முயலும் வீரனின் கதைக்கு அவை இடையூறாகவே தோன்றும். ‘அரண்மனை’ என்ற தலைப்பின்கீழோ அவையே மையம். ஆணையில்லாமலேயே அரண்மனையின் விருப்பத்தை ஊர் நிறைவேற்றும் முறை அங்கு வெளிப்படுகிறது.

இரு மறுப்புகள்

ஒன்று, ‘மனக்கோட்டை’. ஜெர்மனில் இதற்கு நிகரான சொல் காற்றில் கட்டிய ஷ்லாஸ் என்னும் பொருளுடையது. மரபுத்தொடர் அளவில் தமிழ் ஏற்கனவே ஷ்லாசைக் கோட்டை என்றே கொண்டுள்ளது. வந்த இரவில் பாலத்தின்மேல் நின்று, வெறுமை எனத் தோன்றியதை கே. நெடுநேரம் நோக்கி நிற்பதை எண்ணினால் இது எளிதில் தள்ளத்தக்க மறுப்பன்று.

மற்றொன்று, கே. தன் செயலைப் போராட்டமாகவே கருதுகிறான் என்பது. தன்னை அளவையாளனாக ஷ்லாஸ் ஏற்றதையும் சவாலை முறுவலோடு ஏற்றதாகவே பொருள்கொள்கிறான். எனவே உழிஞையின் சாயல் புதினத்திலேயே உள்ளது என்பர். உள்ளதுதான். ஆனால் அச்சாயல் கே.யின் மனத்தில் உள்ளது. கோட்டை என்பது வந்தவனின் சொல். அரண்மனை என்பது ஊராரின் சொல். ஜெர்மன் ஒரே சொல்லால் இருவரையும் பேசவைக்கிறது. தமிழுக்கு அவ்வாய்ப்பு இல்லை. கதை பெரிதும் கே.யின் பார்வையிலேயே நகர்வதால், அவன் சொல்லையே தலைப்பாக்கவேண்டும் என்று வாதிடுவோர்க்கு இக்கட்டுரையாளரிடம் முழுமையான விடை இல்லை. ஒரு சோதனையை மட்டும் முன்வைக்கலாம்.

முதல் இரவில் விடுதித் தரையில் வைக்கோல் மெத்தைமீது உறங்கும் கே.யை எழுப்பும் இளைஞன் கூறும் முதற்செய்தி, இவ்வூர் ஷ்லாசின் உடைமை, இங்கு தங்குபவன் ஒருவகையில் ஷ்லாசிலேயே தங்குகிறான் என்பது. ‘கோட்டை’ என்னும் சொல்லை இங்கு இட்டால் அக்கூற்று புதிர்போல் ஒலிக்கிறது. தொலைவில் மதிலுக்குள் இருப்பதற்குள் இவன் எவ்வாறு தங்கமுடியும் என வாசகர் திகைப்பார். ‘அரண்மனை’ என்னும் சொல்லை இட்டுப் படித்தால் புதிர் இல்லை. ஊர் அரண்மனையைச் சேர்ந்தது, அனுமதியின்றிப் படுக்கக்கூடாது. கே. எழுந்து உட்கார்ந்து, தலைமயிரைக் கோதிக்கொண்டு, இங்கே ஷ்லாஸ் ஒன்று இருக்கிறதா என்று கேட்கிறான்.